கான்கிரீட் கால்வாயா, வளைந்தோடும் ஆறா, வணிகக் கரையா: பேட்டையின் நீர்வழிக்கு எது பொருந்தும்?

சிங்கப்பூரில் காலாங் ஆற்றின் நடுப்பகுதியை ஒட்டிய ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அடுக்குமாடி புளோக்கிற்குப் பின்னால் ஓடும் கால்வாயை எதிர்காலத்தில் என்ன செய்யலாம் என்று அவர்களுடைய வசிப்போர் குழுவில் பேச்செடுத்தபோது, பீஷான் பூங்காவில் இருப்பதைப் போல வளைந்தோடும் ஆறாக மாற்றக் கேட்போம் என்று இளம் பெற்றோர் சிலரும், கிளார்க் கீயைப் போலக் கரையில் உணவகங்களும் கடைகளும் வந்தால் வீட்டு விலை உயரும் என்று வேறு சிலரும், வெள்ளமும் கொசுவும் இல்லாமல் நன்றாகத்தானே இருக்கிறது, இதைத் தொடாமல் விடுங்கள் என்று மூத்தவர்களும் சொல்ல, கூட்டம் முடிவில்லாமல் கலைந்ததாம். மூன்று தரப்பினரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவரும் வெவ்வேறு இடத்து நீர்வழியை மனத்தில் வைத்துக்கொண்டு, அதைத் தங்கள் பேட்டைக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளத்துக்கு வடிகால்களும் கால்வாய்களும் ஆறுகளும் பின்னிக் கிடக்கும் இந்தத் தீவில் இதே கேள்வி இன்னும் பல பேட்டைகளில் எழும் என்பதால், வழிகளைச் சற்று விரிவாகவே ஒப்பிட முயல்கிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வெள்ளம். நம் ஊரின் கனமழை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஒரு மணி நேர நீரைக் கடத்த முடியாத எந்த அழகும் ஒரே மழையில் மதிப்பிழக்கும். இரண்டாவது அளவுகோல் அகலம், அதாவது நீர்வழிக்கென ஒதுக்கப்பட்ட நிலமும் அதை ஒட்டி விட்டுக்கொடுக்கக்கூடிய நிலமும் சேர்ந்து எத்தனை மீட்டர் என்பது. என் அனுபவத்தில், முடிவில்லாமல் நீளும் பெரும்பாலான விவாதங்கள் இந்த ஓர் எண்ணைக் கேட்டவுடனே பாதியாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது, கட்டுமானச் செலவோடு பராமரிப்பையும் மறுகட்டுமானத்தையும் சேர்த்த முழு ஆயுட்காலச் செலவும், அது யாருடைய கணக்கிலிருந்து போகிறது என்பதும். நான்காவது, தண்ணீரின் தரம். மற்ற நகரங்களில் ஆற்று நீர் கலங்கினால் காட்சி கெடும், சுற்றுப்பயணிகள் முகம் சுளிப்பார்கள். இங்கே தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. காலாங் ஆறு போய்ச் சேரும் மரினா நீர்த்தேக்கம் நம் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. ஐந்தாவது அளவுகோல் மக்கள்: இந்த மாற்றத்தால் யார் இடம்பெயர்கிறார்கள், யாருடைய சொத்தின் மதிப்பு உயர்கிறது, நாள்தோறும் யார் அதைப் பயன்படுத்தப் போகிறார்கள்.

## கரைக்கு முன் தண்ணீர்

எந்த வழியை எடுத்தாலும், தூய்மைப்பணிக்கான செலவை யாரோ ஒருவர் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். நமக்காக அது 1977க்கும் 1987க்கும் இடையில் செய்யப்பட்டது. 1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்துவைத்த அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று இலக்கு வைத்தார். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. 610 பன்றிப் பண்ணைகளும் சுமார் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. சுமார் 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்கு மாறினார்கள். 1983இல் ஏறத்தாழ 800 தொங்கான்கள் (சரக்குப் படகுகள்) பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. அரசாங்கத்துக்கு ஆன செலவு, மறுகுடியமர்வு இழப்பீடு நீங்கலாக, சுமார் 170 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

இந்தத் தொகையை மேற்கோள் காட்டி, இவ்வளவு மலிவாக ஓர் ஆற்றை மீட்டுவிட்டோமே என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. ‘இழப்பீடு நீங்கலாக’ என்ற இரண்டு சொற்களை நான் எப்போதும் நினைவூட்ட விரும்புகிறேன். தொழில் இழந்த பண்ணைக்காரரும், தலைமுறைகளாக ஆற்றையே நம்பியிருந்த தொங்கான்காரரும் சுமந்த சுமை அந்தக் கணக்கில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தப் படகுகளைப் பெரும்பாலும் ஓட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் கிட்டங்கிகள் இயங்கின. இன்று மூடப்பட்ட ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாகிவிட்ட ஓடையில் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்ததால்தான் டோபி காட் என்ற பெயரே வந்தது. நீர்வழி என்பது அழகுக்கான இடமாவதற்கு முன் பிழைப்புக்கான இடமாக இருந்தது.

தூய்மையைத் தள்ளிப்போட்டுக் கரையை மட்டும் அழகாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மில் பலருக்குத் தெரிந்த கூவமே சான்று. 1970களின் தொடக்கத்தில் சென்னையில் கூவத்தைச் சீரமைத்துக் கட்டிய படகுத்துறைகளுக்குப் பாரி, ஓரி முதலான கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சூட்டினார்கள். கழிவுநீர் வருவது நிற்கவில்லை, படகுகள் நின்றுபோயின. இதற்கு நேர்மாறான வழியில் போனது ஜெர்மனியின் எம்ஷர் ஆறு. முதலில் நிலத்தடியில் தனிக் கழிவுநீர்க் குழாய்கள், பிறகுதான் கரை என்று 1992இல் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளும் 5.5 பில்லியன் யூரோவும் செலவிட்டு, 2021இன் இறுதியில் ஆற்றைக் கழிவுநீரிலிருந்து விடுவித்தார்கள். சிங்கப்பூர்ப் பேட்டைகளுக்கு அந்தச் சுமை இன்று இல்லை. அதனால்தான் கீழே வரும் நான்கு வழிகளைப் பற்றியும் நம்மால் நிதானமாகப் பேச முடிகிறது.

## வழி ஒன்று: கான்கிரீட்டை வைத்துக்கொண்டு மேம்படுத்துவது

கான்கிரீட் கால்வாயைக் குறைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் வழவழப்பான சுவர் இருக்கும்போது நீர் வேகமாக ஓடும். வேகமாக ஓடினால் அதே அளவு நீரைக் குறுகிய இடத்தில் கடத்திவிடலாம். நிலம் இவ்வளவு அரிதாக இருக்கும் ஊரில், கால்வாய் குறுகியதால் மிஞ்சிய நிலத்தில்தான் நம் புளோக்குகளும் பள்ளிகளும் நிற்கின்றன. ஆகவே பழைய கால்வாயை ஆழப்படுத்தி, கரையில் நடைபாதையும் மரங்களும் அமைத்து, சில இடங்களில் மேலே தளம் போட்டுப் புல்வெளியாக்கி, நீரோரம் இறங்கப் படிக்கட்டு வைப்பதை அரைகுறை வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கிய ‘துடிப்பான, அழகிய, தூய்மையான நீர்நிலைகள்’ திட்டத்தில் 2008இல் முடிந்த கோலாம் ஆயர் கரையும், 2011இல் திறக்கப்பட்ட 1.2 கிலோமீட்டர் நீள அலெக்சாண்டிரா கால்வாய்ப் பகுதியும் ஏறத்தாழ இந்த வகையைச் சேர்ந்தவை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. வேகமாகக் கடத்தப்படும் நீர் மறைந்துவிடுவதில்லை. கீழே இருக்கும் பேட்டையின் வாசலில் போய் நிற்கிறது. அடுத்து, மேற்புறத்தில் கட்டடங்கள் பெருகப் பெருகக் கால்வாயை மறுபடி அகலமாக்க வேண்டியிருக்கும், ஒரு கட்டத்தில் அதற்கு இடம் இருக்காது. 2014 முதல் 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட புதிய கட்டுமானங்கள் தங்கள் இடத்திலேயே மழைநீரைத் தாமதப்படுத்தி வெளியேற்ற வேண்டும் என்று விதி கொண்டுவரப்பட்டதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது, வெப்பம். நண்பகல் வெயிலில் வெறும் கான்கிரீட் தளத்தின் ஓரமாக நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இருபுறமும் சாலையோ புளோக்கோ நெருக்கி நிற்கும் இடத்தில் இந்த வழியே சிறந்தது. அத்தகைய இடத்தில் சுவரின் மேல் இரண்டு தொட்டிச்செடிகளை வைத்து ‘இயற்கை ஆறு’ என்று பெயரிடுவதைவிட, இது மழைநீர்க் கால்வாய்தான் என்று ஒப்புக்கொண்டு நடைபாதைக்கு நல்ல நிழல் தருவது மேல்.

## வழி இரண்டு: ஆற்றை மீண்டும் ஆறாக்குவது

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நடந்ததை எல்லாரும் அறிவார்கள். ஆனால் அது ஏன் நடக்க முடிந்தது என்பதைச் சிலரே கவனிக்கிறார்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய கான்கிரீட் கால்வாய், 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டு 2012 மார்ச்சில் திறக்கப்பட்டது. செலவு சுமார் 76 மில்லியன் வெள்ளி. கால்வாயைப் பெரிதாக்க வேண்டிய கட்டாயமும், 62 ஹெக்டர் பூங்காவைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயமும் ஒரே காலத்தில் வந்தன. பூங்காவும் கால்வாயும் அதுவரை வேலியால் பிரிந்து தனித்தனியாகக் கிடந்தன. இரண்டு செலவுகளையும் ஒன்றாக்கியபோது, பூங்கா நிலமே ஆற்றின் வெள்ளச் சமவெளி ஆகிவிட்டது. நிலத்துக்கென்று தனியாக ஒரு வெள்ளிகூட ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

கணக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. முன்பு 17 முதல் 24 மீட்டர் அகலத்தில் அடங்கியிருந்த நீர், இப்போது பெருமழையில் ஏறத்தாழ 100 மீட்டர் வரை பரவலாம். அதனால் கடத்தும் திறனும் சுமார் 40 விழுக்காடு கூடியது. கற்களும் வேர்களும் நிறைந்த கரையில் நீர் மெதுவாக ஓடும் என்பதால், அதே நீரைக் கடத்த அதிக இடம் கட்டாயம் வேண்டும். வெயில் நாளில் அந்த இடம் முழுக்கப் புல்வெளி. குழந்தைகள் ஓடுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். மழை நாளில் அது ஆறு. ஒரே நிலம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இதே அகலத்தைப் பூங்கா இல்லாத பேட்டையில் கேட்டுப் பாருங்கள். கால்வாயின் இருபுறமும் நாற்பது மீட்டர் கூடுதலாக வேண்டுமென்றால், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 8 ஹெக்டர் நிலம் தேவை. அந்த 8 ஹெக்டரில் எத்தனை பிடிஓ வீடுகள் (முன்பதிவுக்கேற்பக் கட்டப்படும் வீவக வீடுகள்) எழும்பியிருக்கும் என்று வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதியர் கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 76 மில்லியன் வெள்ளியை 3.2 கிலோமீட்டரால் வகுத்து, எங்களுக்கும் இதே விலையில் செய்து கொடுங்கள் என்று கேட்பவர்கள், அந்த வகுத்தலில் நிலத்தின் விலை சுழியம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அகலம் கிடைத்துவிட்டால் பலன்கள் பெரியவை. பீஷானில் முதல் இரண்டு ஆண்டுகளில் உயிரின வகைகள் சுமார் 30 விழுக்காடு கூடின. 2014இல் நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானாகவே வந்து குடியேறியது. கான்கிரீட் கால்வாயில் வேலிக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்த ஒரு தலைமுறைக் குழந்தைகள், தண்ணீரில் கால் நனைத்தார்கள். இதற்கு வெள்ளிக்கணக்கில் விலை போட என்னால் முடியவில்லை. ஆனால் இதற்கு விலையில்லை என்பதால் மதிப்பீட்டுத் தாளில் வெற்றிடமாக விட்டுவிடுவதும் நேர்மையாகாது. குறைந்தது, ஓராண்டில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் பயன்படுத்துவார்கள் என்றாவது எழுதி வைக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லியாக வேண்டும். செடி வளர்ந்துகொண்டே இருக்கும், வண்டல் படியும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கரையைப் பார்க்க ஆள் வேண்டும். கான்கிரீட்டுக்குச் செலவு கட்டும்போது ஒரேயடியாக வருகிறது, பிறகு பல ஆண்டுகள் அமைதி. உயிருள்ள கரைக்கோ செலவு ஆண்டுதோறும் வருகிறது. பூங்கா ஓர் அமைப்பின் பொறுப்பு, நீர்வழி இன்னோர் அமைப்பின் பொறுப்பு என்றிருக்கும்போது, எந்த மரம் யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி முடிவு செய்யாவிட்டால் பின்னால் தொல்லை. பேட்டைக்குள் அமையும் மழைத்தோட்டங்கள் (மழைநீரைச் சற்று நேரம் தேக்கி வடிகட்டும் செடிப்படுகைகள்) நகர மன்றத்தின் பராமரிப்பில் வந்தால், அந்தச் செலவு நம் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து சேரும். பாதுகாப்புக்கு நீர்மட்ட உணர்கருவிகள், எச்சரிக்கை ஒலி, அபாயக் குறியீடுகள் ஆகியவை தேவைப்படுகின்றன. மண்ணைத் தாவர வேர்களால் பிணைக்கும் கரைகட்டும் முறைகள் நம் வெப்பமண்டல மழையைத் தாங்குமா என்று, பீஷானில் முக்கியப் பணி தொடங்குமுன் 60 மீட்டர் நீளப் பக்கவாய்க்கால் ஒன்றில் பத்து முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பொறுமையையும் செலவுப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கொசு பற்றி மூத்தவர்கள் எழுப்பும் கவலைக்கும் விடை உண்டு. டெங்கிக் கொசு பெருகுவது வீட்டுத் தொட்டியிலும் அடைபட்ட குழாயிலும் தேங்கும் நீரில். மீனும் தட்டானும் உள்ள ஓடும் நீர் அதற்கு ஏற்ற இடமன்று. ஆனால் மழைத்தோட்டங்களில் நீர் விரைவில் வடிந்துவிடும்படி கட்டவும், அப்படியே பேணவும் வேண்டும்.

வேறு நாட்டு எடுத்துக்காட்டுகளை இங்கே கொண்டுவரும்போதும் எச்சரிக்கை தேவை. மியூனிக்கில் ஈசார் ஆற்றின் 8 கிலோமீட்டரை 2000 முதல் 2011 வரை சுமார் 35 மில்லியன் யூரோவில் மீட்டதற்குக் காரணம், அதன் கரையில் ஏற்கெனவே புல்வெளி இருந்தது. தென்கொரியாவின் சோலில் நெடுஞ்சாலைப் பாலத்தை இடித்து 2005இல் திறந்த 5.8 கிலோமீட்டர் சொங்கேசொன் ஓடை, கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும், நாள்தோறும் சுமார் 120,000 டன் நீரை இறைத்து ஊற்றினால்தான் ஓடுகிறது. அந்த மின்கட்டணம் ஆண்டுதோறும் தொடரும்.

## வழி மூன்று: கரையை வணிகத்துக்கும் வீட்டுக்கும் திறப்பது

நீர்முகப்பு நிலத்தின் மதிப்பு உயரும் என்பதில் ஐயமில்லை. உயரும் மதிப்பு யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி, அதற்கு இந்த ஊரின் விடை சற்று வேறுபட்டது. நிலத்தின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். கரையோர நிலம் ஏலத்தில் விற்கப்பட்டால் வரும் பணம் கடந்தகால நிதியிருப்பில் சேர்கிறது. அதை அந்த ஆண்டின் செலவுக்கு நேரடியாக எடுக்க முடியாது. ஆகவே கரையில் கடை வந்தால் அந்த வருமானத்திலேயே ஆற்றைப் பராமரித்துவிடலாம் என்று வசிப்போர் குழுவில் சொல்லப்பட்ட வாதம் அப்படியே செல்லாது. பராமரிப்புக்கு ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனியே பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். தனியார் நிலத்தின் பயன்பாடு உயர்த்தப்படும்போது அரசு கட்டணம் வசூலிக்கிறது. ஆனால் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்கு வரும் மறுவிற்பனை இலாபம் அவருக்கே. அந்தப் பேட்டையில் வாடகைக்கு இருப்பவருக்கு மிஞ்சுவது உயர்ந்த வாடகை. சொந்த வீட்டுக்காரருக்கும் ஒன்று நினைவிருக்க வேண்டும்: வீட்டின் ஆண்டு மதிப்பு (ஓராண்டு வாடகையாகக் கிடைக்கக்கூடிய தொகையின் மதிப்பீடு) உயர்ந்தால் சொத்து வரியும் உயரும். விற்கும் எண்ணமே இல்லாத முதியவருக்கு விலையேற்றம் ஒரு செலவாக மட்டுமே வரும்.

சிங்கப்பூர் ஆற்றின் போட் கீ, கிளார்க் கீ கடைவீடுகளும் கிடங்குகளும் 1989இல் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. இடித்துவிட்டு உயர்மாடி கட்டியிருந்தால் உடனடி வருமானம் கூடியிருக்கும். ஆனால் இன்று அங்கே எல்லாரையும் இழுப்பது அந்தப் பழைய ஓட்டுக்கூரை வரிசைதான். இது சரியான முடிவு என்பதே என் எண்ணம். அதே நேரத்தில், 1993இல் வணிக வளாகமாகத் திறக்கப்பட்ட கிளார்க் கீ, 2006இல் வெயிலுக்கும் மழைக்கும் கூரைகள் போட்டுப் புதுப்பிக்கப்பட்டது. 2024இல் இரவு வாழ்க்கைக்கு மட்டுமன்றிப் பகல் வருகைக்கும் ஏற்றபடி மறுபடி உருமாற்றித் திறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாத கேளிக்கைக் கரை, வாடிக்கையாளரை இழந்துவிடும். பெரிய முதலீட்டாளரால் அதைத் தாங்க முடியும். பேட்டைக் கால்வாயோரம் பத்துக் கடை வைத்திருக்கும் சிறு வியாபாரிகளால் தாங்க முடியுமா? அதோடு உணவகக் கொழுப்பும் சோப்பு நீரும் ஒரு சொட்டும் கால்வாயில் கலக்காமல் பார்த்துக்கொள்வதற்கான கண்காணிப்பும், நள்ளிரவு இரைச்சலும், வார இறுதியில் வெளியூர் வண்டிகள் நிரம்பும் கார்நிறுத்துமிடமும் உண்டு.

வணிகத்தைவிட வீடுகளுக்காகக் கரையைத் திறப்பது வேறு கதை. காலாங் ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 800,000 பேர் வசிப்பதாகவும், அடுத்த இருபது ஆண்டுகளில் இன்னும் 100,000 வீடுகள் அங்கே வரக்கூடும் என்றும் நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் சொன்னது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இது பொருந்துவதற்குப் பொறியியல் காரணமும் உண்டு. சுமார் 226 மில்லியன் வெள்ளியில் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு கடலேற்றத்தை வெளியே நிறுத்துவதால், உள்ளே நீர்மட்டம் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. கடல்மட்டம் தாழ்ந்திருக்கும்போது பெருமழை பெய்தால் ஒன்பது மதகுகள் திறக்கும்; கடல்மட்டம் உயர்ந்திருந்தால் பம்புகள் நீரை வெளியேற்றும். மட்டம் அதிகம் மாறாத நீரின் ஓரத்தில் படிக்கட்டும் படகுத்துறையும் கட்டலாம். ஒரு மணி நேரத்தில் இரண்டு ஆள் உயரம் ஏறி இறங்கக்கூடிய மேற்பகுதிக் கால்வாயில் அதையே கட்ட நினைப்பது ஆபத்து.

## வழி நான்கு: மூடிவிட்டு நிலத்தடியில் தீர்ப்பது

கால்வாயை மூடிச் சாலையோ நடைபாதையோ ஆக்கிவிட்டு, உபரி நீரைத் திசைதிருப்பும் கால்வாயாலும் தேக்கத் தொட்டியாலும் சமாளிப்பது, பேட்டைகளைவிட நகர மையத்துக்குரிய வழி. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையில் புகுந்த வெள்ளத்துக்குப் பிறகு, 38,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியும் இரண்டு கிலோமீட்டர் நீளத் திசைதிருப்பு கால்வாயும் 2018இல் கட்டி முடிக்கப்பட்டன. இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 227 மில்லியன் வெள்ளி. மேலே இருக்கும் நிலத்தின் மதிப்பு அவ்வளவு பெரிது என்பதால் அந்தச் செலவு அங்கே நியாயமானது. வீவக பேட்டையில் மூடப்பட்ட கால்வாய் கண்ணுக்கு மறைந்தபின் கவனத்திலிருந்தும் மறைந்துவிடும். பிறகு அதை மறுபடி திறப்பதற்கு ஆகும் செலவை யாரும் இன்று எழுதுவதில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மேம்பட்ட கான்கிரீட் | மீட்ட ஆறு | வணிக, குடியிருப்புக் கரை | மூடிய கால்வாய் |
|---|---|---|---|---|
| தேவைப்படும் அகலம் | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | மேற்பரப்பில் இல்லை |
| வெள்ளத்துக்கு | கீழ்ப்பகுதிக்குத் தள்ளிவிடும் | தேக்கி மெதுவாக விடும் | நிலையான நீர்மட்டம் வேண்டும் | தொட்டியின் அளவைப் பொறுத்தது |
| செலவின் தன்மை | கட்டும்போது அதிகம் | ஆண்டுதோறும் தொடரும் | அவ்வப்போது மறுமுதலீடு | தொடக்கத்தில் மிக அதிகம் |
| முதலில் பயன்பெறுபவர் | நடப்பவர், மிதிவண்டி ஓட்டுநர் | குடும்பங்கள், குழந்தைகள் | சொத்துடையவர், கடைக்காரர் | மேல்நிலத்தைப் பயன்படுத்துபவர் |
| நீரின் தரம் | மாறாது | செடிகள் வடிகட்டும் | கண்காணிப்பு இல்லாவிட்டால் கெடும் | கண்ணுக்குத் தெரியாது |

## வாசகரின் கால்வாய்க்கு

ஓர் ஆறு முழுவதற்கும் ஒரே விடை தேடியதுதான் அந்தக் கூட்டத்தின் தடுமாற்றம் என்று நினைக்கிறேன். பூங்காவோ திறந்தவெளியோ ஒட்டியிருக்கும் மேற்பகுதியில் ஆற்றை மீட்கலாம். நெருக்கமான நடுப்பகுதியில் கான்கிரீட்டை மேம்படுத்தி, மேலேயே நீரைத் தாமதப்படுத்தலாம். நீர்மட்டம் நிலைத்த கீழ்ப்பகுதியில் கரையை வீடுகளுக்கும் அளவோடு வணிகத்துக்கும் திறக்கலாம். மேலே ஒரு பேட்டை அகலம் கொடுத்தால்தான் கீழே இன்னொரு பேட்டை நிம்மதியாகக் கரையில் உட்கார முடியும் என்பதால், இந்த மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன.

வாசகர் அனுப்பிய குறிப்பின்படி, அவருடைய கால்வாய்க்கு ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் புளோக்குகளுக்கு முன் முப்பது மீட்டர் அளவில் ஒரு திடல். பீஷான் அங்கே வராது; கிளார்க் கீ வரவும் வேண்டாம். நான் அந்தக் குழுவில் இருந்தால், சாலைப் பக்கச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, திடல் பக்கச் சுவரை மட்டும் உடைத்துப் படிப்படியாக இறங்கும் புல்கரையாக்கும்படி கேட்பேன். சாதாரண நாளில் பிள்ளைகள் பந்தாடும் திடல், பெருமழையில் கூடுதல் நீரை ஏற்கும். சில நாள்கள் திடல் சேறாகத்தான் கிடக்கும், மாலைப் பந்தாட்டம் தடைபடும், தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கூடாரம் போடத் தேதி பார்க்க வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கடை வேண்டும் என்பவர்களுக்கு, ஏற்கெனவே இருக்கும் உணவங்காடி நிலையத்திலிருந்து கரைக்கு நிழலான பாதை ஒன்று கேட்டால் போதும். அங்கிருக்கும் வியாபாரிகளுக்கும் அது கூட்டம் சேர்க்கும்.

கருத்தை அனுப்புவதற்கு முன் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: நீர்வழிக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தின் அகலம், கால்வாய் கடத்த வேண்டிய உச்ச நீரளவு, இப்போதுள்ள கான்கிரீட் சுவரை அடுத்து எப்போது புதுப்பிக்கப் போகிறார்கள் என்ற ஆண்டு. மூன்றாவது எண் நெருக்கத்தில் இருந்தால் உங்கள் கோரிக்கைக்கு நேரம் கனிந்திருக்கிறது. பீஷானில் கைகொடுத்ததும் அதுதான். பிறகு மூன்று தரப்பிலிருந்தும் ஒருவர் வீதம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு கனமழை நாளில், குடையோடு அந்தக் கால்வாயின் மேம்பாலத்தில் போய் நின்று, தண்ணீர் சுவரில் எந்தக் கோடு வரை ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து, அடுத்த கூட்டத்தைத் தொடங்குங்கள்.